எழுத்துப்பிழையும் திருத்துவோர் கடமையும்



கி.பி. 1544-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறையின் ஊர்கள்தோறும் சென்று சமயப்பணி ஆற்றிவந்த பிரான்சிஸ் சவேரியார், அதே கரையில் பணிபுரிந்த தம் தோழர் பிரான்சிஸ்கோ மன்சில்யாசுக்குக் கடிதங்கள் பல எழுதினார். அவற்றுள் ஒன்றில், தமிழில் ஆக்கப்பட்டிருந்த நம்பிக்கை அறிக்கையின் ஒரு சொல்லை மாற்றுமாறு பணிக்கிறார். கடவுளை நம்புவதைக் கூற வேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் சொல் அமர்ந்திருந்தது. அச்சொல் விருப்பத்தைக் குறிப்பது. ஆகவே அதனை விலக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுக என்பது அவர் கட்டளை. தமிழை முற்றும் அறிந்தவர் அல்லர் சவேரியார். எனினும் அவர் செய்த திருத்தத்தில் மூன்று கூறுகள் தெளிவாக அமைந்துள்ளன. பிழை எந்த இடத்தில் உள்ளது என்பது ஒன்று. அதற்கு ஈடாக வர வேண்டியது எது என்பது மற்றொன்று. ஏன் மாற்ற வேண்டும் என்னும் காரணம் மூன்றாவது.

ஏறத்தாழ நானூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர், கட்டற்ற மென்பொருள்களின் ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்த முன்வருவோரிடம் கேட்கப்படுவனவும் இம்மூன்றே. மத நூலுக்கும் கணினி நூலுக்கும் உறவில்லை. ஆயினும் பலர் கூடி ஆக்கி, பலர் நம்பிப் பயிலும் ஓர் உரையில் கைவைக்கும் ஒருவனது பொறுப்பு, இரண்டிடத்தும் ஒன்றாகவே இருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் என்பது யாவரும் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் உரிமை வழங்கும் மென்பொருளாகும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கருவும் இவ்வியக்கத்தின் இரு தூண்கள் எனலாம். மென்பொருள் உரிமையுடையதாய் இருந்து, அதனைக் கற்பிக்கும் கையேடு பூட்டப்பட்டிருந்தால் பயனில்லை என்பதால், ஆவணங்களுக்கெனத் தனி உரிமமும் 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இதன் விளைவு பெரிது. கையேட்டைப் படிக்கும் எவரும் அதில் கண்ட பிழையைத் திருத்தி அனுப்பலாம். நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் திறந்திருக்கும் வாயில் இதுவே. புதியவர் பலர் முதன்முதலில் நுழைவதும் எழுத்துப்பிழைத் திருத்தம் என்னும் இவ்வாயில் வழியாகவேயாம்.

திருத்தம் வந்தவுடன் அது நூலில் ஏறிவிடுவதில்லை. நீக்கப்படும் வரி ஒரு நிறத்திலும், சேர்க்கப்படும் வரி மற்றொரு நிறத்திலும் தோன்ற, பராமரிப்பாளர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கிறார். உடன்பட்டால் ஏற்கிறார், ஐயமுற்றால் வினவுகிறார். ஏற்கப்பட்ட திருத்தம், செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு வரலாற்றில் பதிகிறது. டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்னும் கருவி இவ்வரலாற்றைக் காக்கிறது. பழைய வடிவம் அழிவதில்லை, வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் மரபில் வளர்ந்த தமிழர்க்கு இம்முறை புதிதன்று. கொண்ட பாடத்தோடு கொள்ளாத பாடத்தையும் காட்டுவது, பின்வருவோர் தீர்ப்புக்கு இடம்விடும் நேர்மையாகும்.

திருத்தத்தைச் சீர்தூக்குபவர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, இப்பிழை பொருளைக் கெடுக்கிறதா என்பது. இவ்வினாவுக்கு விடைகாணும் வழியைத் துறைமுக நகரத்தார் நன்கறிவர். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து சரக்கு அனுப்பும் வணிகர், எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதத்தின்படி பணம் பெற, வங்கியில் ஆவணங்களை ஒப்படைக்கின்றனர். அவற்றுள் எழுத்துப்பிழை இருந்தால் வங்கி என் செய்யும்? பாரிசில் இயங்கும் பன்னாட்டு வணிகக் கழகத்தின் வழிகாட்டு நெறி இதனைத் தெளிவுறுத்துகிறது. பொறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துப் பிறழ்ந்து, பொருள் மாறாதிருந்தால் அதனை முரண்பாடாகக் கொள்ளுதல் கூடாது. ஆனால் 321 என்னும் மாதிரி எண் 123 என வந்துவிட்டால் அது தட்டச்சுப் பிழையாகாது, முரண்பாடேயாகும். பிழையின் தோற்றத்தைக் கொண்டு அளவாமல், அதன் விளைவைக் கொண்டு அளக்கும் நெறி இது.

தமிழ் ஆவணங்களுக்கு இந்நெறியைப் பொருத்தினால் அதன் அருமை புலப்படும். 'தகவலைச் சேமி' என வர வேண்டிய இடத்தில் சகர ஒற்று விடுபட்டால், இலக்கணம் வருந்தும், படிப்பவன் வழிதவறான். 'அனுமதி அளிக்க' என வர வேண்டிய இடத்தில் 'அனுமதி அழிக்க' என வந்தாலோ, செய்வான் செய்யத்தகாததைச் செய்துவிடுவான். ளகரமும் ழகரமும் மாறிய அளவில் கொடுத்தல் கெடுத்தலாகிறது. 'ஒலி அமைப்பு' 'ஒளி அமைப்பு' ஆனால், ஓசையைக் குறைக்க விரும்பியவன் திரையை இருளாக்கிக்கொள்வான். 'பதிவிறக்கம்' பலர் கையில் 'பதிவிரக்கம்' ஆகி, இறக்க வேண்டியவன் இரங்கி நிற்கிறான். முன்னது போன்ற பிழையைப் பொறுமையாகத் திருத்தலாம். பின்னவை போன்றவற்றைக் கண்ட அன்றே திருத்துதல் வேண்டும்.

லினக்ஸ் கருவிற்குத் திருத்தம் அனுப்புவோர்க்கான வழிகாட்டியில் மற்றுமொரு நுட்பமான நெறி நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. சிறு திருத்தங்களாக ஏற்கத்தக்கவை இவை எனப் பட்டியலிடும்போது, ஆவணங்களின் எழுத்துப்பிழைகளை முதலில் கூறி, அடுத்துத் தேடலைக் குலைக்கும் எழுத்துப்பிழைகளைத் தனியே குறித்தனர். தேடுபவன் சரியான சொல்லை இட்டுத் தேடுகிறான்; பிழையாக எழுதப்பட்ட பக்கம் அவன் கைக்கு எட்டுவதில்லை. அப்பக்கம் இருந்தும் இல்லாததே.

இவ்வகையில் தமிழுக்கு வாய்த்த இடர் தனித்தன்மை உடையது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றி, கணினிக்குப் பிழையாய் இருக்கும் எழுத்துகள் தமிழில் உள. 'ஔ' என்னும் உயிரெழுத்து யூனிக்கோடில் ஒரே குறியீடு. அதனை ஒகரமும் ளகரமுமாக இரண்டாகத் தட்டினால் திரையில் வேற்றுமை தெரிவதரிது. ககரமும் தமிழ் எண் ஒன்றும், உகரமும் தமிழ் எண் இரண்டும் அவ்வாறே மயங்கும். 'ஸ்ரீ' என்னும் வடிவத்தை இருவேறு குறியீட்டுத் தொடர்களால் ஆக்கலாம். அச்சுத்தாளில் மெய்ப்புப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை சிக்கா. ஆகவே தமிழ் ஆவணத்தைச் சீர்தூக்குபவர், படிப்பதோடு அமையாமல், சொல்லைத் தேடிப் பார்த்தும் சோதித்தல் நன்று.

இரண்டாவது வினா, இச்சொல் யாருடையது என்பது. சில பிழைகள் பிழையாகவே நிலைத்துவிட்டன. யூனிக்சு இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் கட்டளையின் பெயரில், ஆங்கிலச் சொல்லின் இறுதி 'ஈ' இல்லை. யூனிக்சை மீண்டும் படைத்தால் எதை மாற்றுவீர் என வினவியபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்றார் அதனைப் படைத்தவருள் ஒருவரான கென் தாம்ப்சன். ஒரு பக்கத்துக்கு எங்கிருந்து வந்தோம் என அறிவிக்கும் வலைக்குறிப்பின் பெயரில், இரட்டிக்க வேண்டிய 'ஆர்' ஒற்றையாய் நின்றது. 1996-இல் வெளியான நெறிமுறை ஆவணத்தில் ஏறிய அவ்வடிவம் இன்றும் மாறவில்லை. ஆவணம் படிக்கும் புதியவர் இவற்றைக் கண்டு, எழுத்தைச் சேர்த்து அனுப்பினால், அந்தக் கையேட்டைப் பின்பற்றும் நிரல் இயங்காது. அவை சொற்கள் அல்ல, பெயர்கள். பெயர் இட்டவர் பிழைபட இட்டாலும், அழைப்போர் அப்படியே அழைத்தாக வேண்டும்.

யூனிக்கோடு நிறுவனமும் இவ்வாறே முடிவு செய்தது. ஒரு முறை ஏறிய குறியீட்டுப் பெயரை மாற்றுவதில்லை என்பது அதன் விதி. அடைப்புக்குறி ஒன்றன் ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்துகள் இடம்மாறி அச்சேறின. பெயரைத் திருத்தாமல், சரியான வடிவத்தை மாற்றுப்பெயராகப் பதிந்தனர். தமிழ் ஆய்தம் அங்கே 'விசர்க்கம்' என்னும் பெயரோடு நிற்கிறது. 'ஆய்தம்' என்பது அருகிலுள்ள குறிப்பில் இடம்பெறுகிறது. தமிழறிந்தார்க்கு இது நெஞ்சை உறுத்துவதே. ஆயினும் அப்பெயரை நம்பி இயங்கும் எண்ணற்ற நிரல்களைக் கருதின், மாற்றாமைக்கும் நியாயம் உண்டென்பது விளங்கும். தூத்துக்குடித் துறைமுகத்தின் பன்னாட்டு இடக்குறியீட்டில் 'டி.யு.டி.' என்னும் மூன்று எழுத்துகள் பழைய ஆங்கிலப் பெயரான டூட்டிகொரினின் எச்சமாக நிற்கின்றன. 2011-இல் துறைமுகம் வ.உ.சி. பெயரைத் தாங்கிய பின்னரும் அக்குறியீடு நீடித்தது. கப்பல் வழி காண உதவுவது குறியீடு. ஊரின் பெருமையைக் காப்பது பெயர்ப்பலகை. இரண்டன் கடமையும் வேறு.

மூன்றாவது வினா பலர் நினைவுக்கு வாராதது. இத்திருத்தத்தால் வேறு யார் பணி பாதிக்கும்? மென்பொருளின் செய்திகளைப் பிறமொழிகளில் ஆக்குதற்குக் கெட்டெக்ஸ்ட் என்னும் முறை பரவலாக வழங்குகிறது. அதில் ஆங்கில மூலத்தொடரே அடையாளமாக நின்று, அதன்கீழ்த் தமிழ்த் தொடர் இணைக்கப்படும். ஆங்கிலத் தொடரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அடையாளம் மாறிவிடுகிறது. பழைய தமிழ்த் தொடர் ஐயத்துக்குரியதெனக் குறிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் மீண்டும் பார்த்து உறுதிசெய்யும் வரை பயனர் திரைக்கு வாராமல் நின்றுவிடும். அவ்விடத்தில் ஆங்கிலம் தோன்றும். பொருள் சற்றும் மாறாத ஒரு திருத்தம், தமிழ் உட்பட எத்தனை மொழிகளில் அத்தொடர் பெயர்க்கப்பட்டுள்ளதோ அத்தனை மொழிகளிலும் அதனை மறைத்துவிடுகிறது. நோம், கே.டி.ஈ. முதலிய பெருந்திட்டங்கள், புதிய பதிப்பு வெளியாவதற்கு முன் சில வாரங்கள் தொடர்களை மாற்றாமல் உறையவைப்பது இதனாலேயாம். அக்காலத்தில் வரும் எழுத்துப்பிழைத் திருத்தத்தைப் பராமரிப்பாளர் தள்ளிவைத்தால், அது புறக்கணிப்பாகாது. கண்காணாத மொழிபெயர்ப்பாளர்க்குக் காட்டும் மதிப்பாகும்.

பிழையையும் வழக்கு வேறுபாட்டையும் பிரித்தறிதல் அடுத்த கடமை. ஈழத்தார் ஆங்கிலச் சொற்களின் டகர ஒலியை றகர ரகரங்களால் எழுதுவர். 'இன்ரநெற்' என்பது அவர் மரபு. தமிழகத்தார் 'இன்டர்நெட்' என்பர். 'லண்டன்' என்பாரும் 'இலண்டன்' என்பாரும் உளர். ஒருவர் மரபை மற்றவர் பிழையென வெட்டினால் திருத்தம் பூசலாகும். ஒரே ஆவணத்துள் ஒரே வழக்கு நிற்க வேண்டும் என்பது மட்டுமே நியாயமான கோரிக்கை. சந்தியிலும் ஓர் எல்லை உண்டு. திரைச்செய்தியில் கோப்பின் பெயர் வந்து அமர வேண்டிய வெற்றிடத்தை ஒரு குறியால் காட்டுவர். எப்பெயர் வரும் என்பது எழுதும்போது தெரியாது. ஆகவே அக்குறிக்குப் பின் வல்லினம் மிகுமா மிகாதா என்பதையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இலக்கணம் தேர்ந்தவர் ஒற்றைச் சேர்த்து அனுப்பினாலும், சீர்தூக்குபவர் நன்றியோடு மறுத்தல் தகும்.

சீர்தூக்காமல் விரையும் திருத்தத்துக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தும் ஆணையை 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்டது. நோக்கம் நன்றே. தூத்துக்குடிக்குத் தகரமும் ககரமும் இரட்டிப்பதைக் காட்ட ஆங்கில எழுத்துகள் பெருகின. வேலூரின் ஏகாரத்துக்கு ஆங்கில 'ஈ' இரட்டித்து வந்தமையால், ஆங்கிலம் பயின்ற கண்ணுக்கு அது வீலூராகத் தோன்றியது. தமிழறிந்தோரும் பொதுமக்களும் குறைகளை எடுத்துரைக்க, அதே திங்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயர் என்பது வரைபடம், தொடர்வண்டிச் சீட்டு, நிலப்பத்திரம், கணினித் தரவு என எங்கும் வேர்விட்ட சொல். அதனை மாற்றுமுன் பலர் கண்ணுக்குக் காட்டியிருந்தால், கேட்ட குறைகளை ஆணைக்கு முன்னரே கேட்டிருக்கலாம்.

இனி, பிழைதிருத்தும் நிரல்கள் இருக்க மனிதர் எதற்கு என வினவலாம். லினக்ஸ் கருவோடு, வழக்கமாக வரும் பிழைகளையும் அவற்றின் சரியான வடிவங்களையும் இணைத்துக் காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. நிரல் அதனைக் கொண்டு பிழைகளைச் சுட்டும். ஹங்கேரி மொழிக்கெனத் தோன்றிய ஹன்ஸ்பெல் என்னும் கருவி, தமிழ் போல் விகுதிகளை அடுக்கும் மொழிகளுக்கும் உதவுகிறது. இவை வேண்டுவனவே. ஆனால் 'அளி', 'அழி' இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். நிரல் இரண்டையும் ஏற்கும். முத்துக்குளித்துறையின் பழைய வழக்கம் ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்புக்கு முந்தைய நாள்களில், துளையளவு வேறுபட்ட பித்தளைத் தட்டுகளில் முத்துகளைச் சலித்துத் தரம் பிரித்தனர். தட்டு அளவைச் சொல்லும். ஒளியையும் உருட்சியையும் கண்டு விலை சொன்னவர் மனிதரே. நிரல் சலிக்கட்டும்; தேர்வது படித்தறிந்தவர் கடமையாக இருக்கட்டும்.

திருத்துவோர்க்குச் சொன்னது சீர்தூக்குவோர்க்கும் பொருந்தும். அக்டோபர் திங்களில் கட்டற்ற மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்புவோர்க்குச் சட்டை பரிசளித்த 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்னும் நிகழ்ச்சி 2014-இல் தொடங்கியது. 2020-இல் பரிசு கருதிப் பொருளற்ற திருத்தங்கள் வெள்ளமெனக் குவிய, பராமரிப்பாளர் சலிப்புற்றனர். விரும்பி இசைந்த திட்டங்களுக்கு மட்டுமே நிகழ்ச்சி பொருந்தும் என அவ்வாண்டே விதியை மாற்றினர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் படிப்பவர் ஒருவரின் நேரம் செலவாகிறது. அச்செலவை அறிந்தவர், பத்துப் பிழைகளைப் பத்து மடல்களாக அனுப்பாமல், ஒருங்கே தொகுத்துக் காரணத்தோடு அனுப்புவர். படிப்பவரும் அதற்கேற்ப, மறுக்கும் இடத்தில் காரணம் கூறி மறுத்தல் வேண்டும். முதன்முறை வந்தவர், காரணமறியாமல் திருப்பி அனுப்பப்பட்டால் மீண்டும் வாரார்.

இலக்கிய வட்டத்தாரிடம் இப்பொருளை முன்வைப்பது ஏனெனின், இப்பணிக்கு வேண்டிய தகுதி இவர்களிடம் ஏற்கெனவே உள்ளமையாலேயாம். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைக் கவிஞரினும் நன்கறிந்தார் யார்? ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலத்தோடு ஒத்துப்பார்க்கும் மெய்ப்புப் பழக்கம், மலர் வெளியிடும் எந்த வட்டத்துக்கும் உண்டு. அப்பழக்கத்தைத் தமிழ்க் கையேடு ஒன்றன்பால் திருப்பினால் போதும். தேவை கணினிப் புலமையன்று. பொறுமையும், மற்றவர் கண்ணுக்குத் தம் திருத்தத்தைக் காட்டும் பணிவும் ஆகும்.

வீரமாமுனிவர் தம் தமிழகப் பணியின் தொடக்கத்தில் வாழ்ந்த காமநாயக்கன்பட்டி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. ஓலைச்சுவடிகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நின்று மயக்கம் தந்தன. அவற்றை வேறுபடுத்தும் வரிவடிவத்தை அவர் வகுத்தார். ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. மயக்கம் தீர்ந்ததை எழுதுவோர் கண்டு கைக்கொண்டனர். இன்று தமிழ் எழுதும் ஒவ்வொருவர் கையிலும் அத்திருத்தம் வாழ்கிறது. படிப்பவன் இடர் தீர்ந்தமையே அது நிலைத்ததற்குக் காரணம்.

கணினியைத் தமிழில் கற்க விழையும் ஓர் இளைஞன், கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே பிழையான கட்டளையால் தடுக்கப்பட்டால், அடுத்த பக்கத்தை ஆங்கிலத்தில் தேடுவான். அதன்பின் தமிழ்க் கையேட்டுக்கு அவன் திரும்புவது அரிது. அவனை அம்மூன்றாம் பக்கத்தில் தாங்கி நிறுத்தும் பணி பெரும் புலமையைக் கேட்பதன்று. எந்த இடம், எது சரி, ஏன் என்னும் மூன்றையும் எழுதி, மற்றொருவர் படித்து ஒப்பும்வரை காத்திருக்கும் ஒருவரைக் கேட்பது. அத்தகையோர் பத்துப்பேர் இவ்வட்டத்திலிருந்து புறப்பட்டாலும், பத்தாம் ஆண்டு விழா பயனுடையதாகும்.